அக்காவின் கிளை

பாபடோயிட்டோய், ஆக்லாந்து
12.05.1996

அன்புள்ள அக்காவுக்கு,

கௌரி எழுதுகிறேன். இங்கே நான், இவர், பிருந்தன், கம்சாயினி நாலு பேரும் சுகம். பிருந்தனுக்கு மட்டும் மூக்கு ஓடுகிறது. சப்பாத்துப் போடாமல் பள்ளிக்கூடம் போகிற ஊரில் மூக்கு ஓடாமல் வேறென்ன செய்யும். உங்கள் கால்வலி எப்படி? அத்தானும் கஜானியும் சுகமா?

அம்மாவின் முப்பத்தொன்றாம் நாள் காரியம் இங்கே நடந்தது. ஐயர் கிடைக்கவில்லை. நாங்களே தேவாரம் படித்து, தெரிந்த சனத்துக்குச் சாப்பாடு கொடுத்தோம். ஊர்ச் சண்டையில் வீட்டை விட்டு ஓடி, போன இடத்தில் கண்ணை மூடிய மனுசிக்கு மரணப் பத்திரம் எடுக்கக்கூட அங்கே ஒரு பதிவுக் கந்தோர் இல்லை. நாங்கள் மூன்று பிள்ளைகளும் மூன்று கண்டத்தில் இருந்து மூன்று முப்பத்தொன்று செய்திருக்கிறோம்.

இனி விசயத்துக்கு வருகிறேன். அண்ணா போன கிழமை நியூ ஜெர்சியிலிருந்து போன் எடுத்தார். அம்மாவின் ஆண்டுத் திவசத்துக்கு நினைவு மலர் அடிக்கப் போகிறாராம். நடுப்பக்கத்தில் வம்ச விருட்சம். ஒரு மரம் கீறி, எங்கள் மூவருக்கும் மூன்று கிளை, பெற்ற பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஒரு இலை. தன் கிளை நாலு இலையோடு செழிப்பாக இருக்கிறதாம். என்னுடையதில் இரண்டு, பரவாயில்லையாம். உங்கள் கிளையைப் பார்க்கத்தான் அவருக்கு வயிற்றைக் கலக்குகிறதாம். "ஒரு இலையோட மொட்டையா நிக்குது கௌரி. பாக்கிற சனம் என்ன நினைக்கும்? நீ சொன்னா அவள் கேப்பாள், எழுது" என்றார்.

பேப்பரில் ஏதோ வாசித்திருக்கிறார். அமெரிக்காவில் ஒரு பெண்ணுக்கு இரண்டு பிள்ளையாம், ஜெர்மனியில் ஒன்றே கால்தானாம். "ஐரோப்பா கிழண்டு போச்சு. அங்க போன எங்கட சனமும் சேர்ந்து கிழண்டு போச்சு. இங்க சனத்துக்கு நாளைக்கு எண்ட நம்பிக்கை இருக்கு" என்று அரை மணித்தியாலப் பிரசங்கம். ஊரில் இவ்வளவு சனம் செத்துப்போகிற நேரத்தில் நாங்கள் பெறாமல் ஆர் பெறுகிறது என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகத்தான் பேனையை எடுத்தேன் அக்கா.

ஆகையால் கேட்கிறேன், கோபிக்கக்கூடாது. கஜானிக்கு ஒன்பது வயது. உங்களுக்கு முப்பத்தெட்டு. எதற்காகக் காத்திருக்கிறீர்கள்? அந்தக் கால் பிள்ளையை முழுப்பிள்ளையாக்கினால் என்ன?

அடிக்க வராமல் பதில் போடுங்கோ.

உங்கள் தங்கச்சி,
கௌரி


ஹாகன், ஜெர்மனி
09.06.1996

அன்புத் தங்கச்சி,

நாங்கள் உயிரோடும் ஓரளவு சுகத்தோடும் இருக்கிறோம். கால்வலி போகவில்லை, எனக்கும் அதற்கும் பழகிவிட்டது. பிருந்தனுக்கு மூக்கில் கற்பூரத்தைலம் தடவு.

அண்ணனுக்கு வயிற்றைக் கலக்கினால் ஓமத்தண்ணி குடிக்கச் சொல்லு. பெறுகிற வயிறு என்னுடையது.

நீ கேட்டதற்காகச் சொல்கிறேன், அவருக்காக இல்லை. இங்கே கஜானியின் பள்ளிக்கூடம் மத்தியானத்தோடு முடியும். சில நாள் பதினொன்றரைக்கே அனுப்பிவிடுவார்கள். பிள்ளை வீட்டுக்கு வந்து தாய் சமைத்ததைச் சாப்பிட வேண்டும், அதுதான் ஒழுங்கு. தாய் எங்கே வேலைக்குப் போகிறது? அரசாங்கம் பிள்ளைக்கு மாதா மாதம் காசு போடுகிறது, பொய் சொல்லக்கூடாது. நேரம் ஒருவரும் தருவதில்லை. கீழ் வீட்டுக்காரிக்கு மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்று வரை அமைதி வேண்டும். கஜானி கயிறடித்துத் துள்ளினால் அவள் கூட்டுகிற தும்புத்தடியால் தன் வீட்டு முகட்டை இடிப்பாள். அவளுடைய நாய் குரைத்தால் அது பரவாயில்லை.

வேலைக்குப் போகிற தாய்க்கு இங்கே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், காக்கைத் தாய் என்று. குஞ்சைக் கூட்டில் விட்டுவிட்டுப் பறக்கிறவளாம். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று கேட்டு வளர்ந்தவளுக்கு இது எப்படிச் சுடும்? ஆனால் பத்துத் தரம் கேட்டால் சுடுகிறது கௌரி.

அண்ணி ஆறு கிழமைப் பிள்ளையை ஆரிடமோ கொடுத்துவிட்டு வேலைக்குப் போனவ. அங்கே அவ கெட்டிக்காரி. இங்கே நான் போனால் காகம். அங்கே நாற்பது வயதில் ஒரு படிப்பைத் தொடங்கினாலும் ஏனென்று கேட்க ஆளில்லை. இங்கே ஒரு வயதில் விட்டதை மறுபடி பிடிக்க ஏலாது. இதுதான் வித்தியாசம். நம்பிக்கையாம் நம்பிக்கை!

நல்ல செய்தியும் ஒன்று இருக்கிறது. முதியோர் பராமரிப்புப் படிப்புக்கு எனக்கு இடம் கிடைத்துவிட்டது. ஒக்டோபரில் தொடங்கும், மூன்று வருசம். ஒன்பது வருசம் விஞ்ஞானம் படிப்பித்தவள், ஆறு வருசமாக முதியோர் இல்லத்தில் நிலம் துடைக்கிறேன். இனித் துடைக்க மாட்டேன். நேர்முகத்தில் படிப்புத் தலைவி, "இன்னொரு பிள்ளைக்கு யோசனை உண்டா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அது உண்மை.

அண்ணன் மரம் கீறட்டும். என் கிளையை எனக்குப் பார்க்கத் தெரியும்.

பிள்ளைகளுக்கு என் முத்தம்.

அக்கா,
சாந்தகுமாரி


பாபடோயிட்டோய்
21.07.1996

அன்புள்ள அக்கா,

எல்லோரும் சுகம். மழை விட்டபாடில்லை, கொடியில் போட்ட உடுப்பு மூன்று நாளாய்க் காயவில்லை. உங்கள் ஊரில் இப்போது வெயில் என்று நினைக்க எரிச்சலாக வருகிறது.

படிப்புக்கு இடம் கிடைத்த செய்தியைக் கேட்டு இவர் எழும்பி நின்று கைதட்டினார். பிருந்தன் "வாட் ஹப்பண்ட், அப்பா?" என்று ஓடிவந்தான். உங்கள் கடிதத்தை அண்ணாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். வயிற்று வசனத்தை விட்டுவிட்டேன், பயப்பட வேண்டாம். அவர், "காகம், நாய் எண்டு கதை சொல்லுறாள்" என்றார். அண்ணி மட்டும் பின்னாலிருந்து, "அவ சொல்லுறதிலயும் ஞாயம் இருக்கு" என்றது கேட்டது.

நீங்கள் சொல்வது எனக்கும் விளங்குகிறது. இங்கே பள்ளிக்கூடம் மூன்று மணி வரை. வீட்டைச் சுற்றிப் புல்வெளி, பிள்ளைகள் கத்தினால் கத்தட்டும். கம்சாயினி பிறந்தபோது பிளங்கட் என்கிற குழந்தை நலச் சங்கத்து நேர்ஸ் வீட்டுக்கே தராசோடு வந்து நிறை பார்த்தாள். நான் விமானச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற இடத்தில் என் சூப்பர்வைசர் ஒரு சமோவாக்காரி, ஆறு பிள்ளைக்காரி. பிருந்தனைச் சுமந்து ஏழு மாத வயிற்றோடு நான் நின்றபோது தானே கதிரை கொண்டுவந்து போட்டு, என்னை அதில் உட்காரவைத்து, "இருந்து அடுக்கு, தட்டு எங்கயும் ஓடாது" என்றாள். அந்தக் கதிரை இல்லாவிட்டால் நானும் ஒன்றோடு நிறுத்தியிருப்பேன்.

ஆனாலும் அக்கா, கஜானி தனிய வளருகிறாள். உங்களுக்கும் எனக்கும் சண்டை பிடிக்கவாவது ஆள் இருந்தது. படிப்பையும் பிள்ளையையும் இரண்டையும் வைத்திருக்க ஏலாதா என்றுதான் யோசிக்கிறேன். இனி இதைப் பற்றிக் கேட்க மாட்டேன். இதுதான் கடைசி. (அடுத்த கடிதத்திலும் கேட்பேன்.)

உங்கள் வாய்க்காரத் தங்கச்சி,
கௌரி


ஹாகன்
14.09.1996

அன்புத் தங்கச்சி,

சுகம். பதில் பிந்திவிட்டது, உடம்பு கொஞ்சம் களைப்பு. அத்தான் இரவு வேலையிலிருந்து பகல் வேலைக்கு மாறிவிட்டார்.

ஒன்று கேட்க வேண்டும். நீ கம்சாயினியோடு எத்தனையாம் மாதம் வரை வேலைக்குப் போனாய்? பாரம் தூக்கினாயா? காலையில் தலைசுற்றுக்கு என்ன செய்தாய்? எங்கள் படிப்பில் இப்படியும் ஒரு பாடம் வருமாம், அதற்காகத்தான்.

படிப்புத் தலைவியோடு ஒரு சின்ன வாக்குவாதம். "இரண்டில் ஒன்றைத் தெரிவு செய், இரண்டு வருசம் கழித்தும் வரலாம், ஆனால் இடத்துக்கு உத்தரவாதம் இல்லை" என்றாள். எனக்கு இரண்டும் வேணும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் எழுதிக்கொண்டிருந்த பேனையை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். பார்க்கட்டும்.

கஜானி ஒரு பெயரைத் தமிழில் திருப்பித் திருப்பி எழுதிப் பழகுகிறாள். ஆருடைய பெயர் என்று கேட்டால் பாவைப்பிள்ளைக்காம்.

அண்ணனுக்கு இப்போதைக்கு ஒன்றும் எழுதாதே.

அக்கா


பாபடோயிட்டோய்
02.10.1996

என் அருமை அக்கா,

பாடமா? கிழவன் கிழவிகளைப் பராமரிக்கிற படிப்பில் காலைத் தலைசுற்றுக்குப் பாடமா? ஆரிடம் கதை விடுகிறீர்கள்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆளைப் பாருங்கோ.

சரி, பாடத்துக்கே பதில் சொல்கிறேன். எட்டாம் மாதம் வரை போனேன். பாரம் தூக்கவில்லை, தூக்கவும் கூடாது. தலைசுற்றுக்கு எழும்பின உடனே ஒரு பிஸ்கட். இஞ்சித் தேத்தண்ணி. படி ஏறும்போது கைபிடியைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். அந்தக் கிழவிகளைத் தனியத் தூக்காமல் இரண்டு பேராய்ச் சேர்ந்து தூக்க வேண்டும். இதையெல்லாம் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கோ, மாணவி.

"இரண்டும் வேணும்" என்று சொன்னீர்களே, அந்த இடத்தை நான் இவருக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். அம்மா இருந்திருந்தால் நெட்டி முறித்திருப்பா.

அண்ணாவுக்கு மூச்சு விடமாட்டேன். சத்தியம்.

கௌரி


ஹாகன்
20.11.1996

கௌரி,

சுகமா? பத்தியக் கறிக்குச் சரக்கு எப்படி அரைக்கிறது என்று உடனே எழுது. மல்லி எவ்வளவு, மிளகு எவ்வளவு, எதை வறுக்க வேண்டும், எதை வறுக்கக்கூடாது. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்திக்கு. கஜானி பிறந்தபோது அம்மாதான் அரைத்துச் சமைத்துத் தந்தவ, நான் படுத்திருந்து சாப்பிட்டேனே தவிர ஒன்றும் பார்க்கவில்லை. நீ இரண்டு பிள்ளைக்கும் நீயாகவே அரைத்தவள்.

கெதியாய் எழுது.

சாந்தகுமாரி


பாபடோயிட்டோய்
30.11.1996

அக்கா! அக்கா! அக்கா!

பக்கத்து வீட்டுப் பெண்ணாம்! ஹாகனில் எந்த ஜெர்மன்காரி பிள்ளை பெற்றுவிட்டு மிளகும் திப்பிலியும் போட்ட பத்தியக் கறி சாப்பிடுகிறாள்? பிள்ளை வர இன்னும் மாதக்கணக்கில் இருக்க, இப்போதே சரக்குத் தேடுகிற அவசரக்காரியை நான் கண்டதில்லை. எதையும் முன்கூட்டியே செய்து வைக்கிற ரீச்சர் புத்தி போகவில்லை.

மல்லி இரண்டு பங்கு, மிளகும் சீரகமும் ஒவ்வொரு பங்கு, வேர்க்கொம்பு, அதுதான் சுக்கு, ஒரு துண்டு, திப்பிலி கொஞ்சம், மஞ்சள். இளஞ்சூட்டில் வறுத்து அரைக்க வேண்டும். உள்ளியைச் சமைக்கும்போது தாராளமாகப் போடுங்கோ. செத்தல் மிளகாய் கிட்டவும் வரக்கூடாது. இதெல்லாம் எதற்கு எழுதுகிறேன்? நானே அரைத்து, மூன்று பையில் கட்டி, இந்தக் கடிதத்தோடு பார்சலில் அனுப்புகிறேன். பார்சலுக்குள் ஒரு மஞ்சள் கம்பளிச் சட்டையும் இருக்கிறது. நானே பின்னியது. ஒரு கை மற்றக் கையை விட நீளம். உங்கள் மகனோ மகளோ பொறுத்துக்கொள்ளட்டும்.

அக்கா, ஒரு பிழை விட்டுவிட்டேன். அண்ணா நேற்று மரத்தைப் பற்றிக் கதைக்க எடுத்தார், என் வாய் நிற்கவில்லை. சொல்லிவிட்டேன். சத்தியத்தை மீறினதற்கு என்ன தண்டனையும் தாருங்கோ. அவர் சந்தோசத்தில் போனிலேயே கத்தினார். உங்கள் கிளையில் இரண்டாவது இலைக்கு இடம் விடப் போகிறாராம்.

கவனம், கவனம், கவனம்.

பெரிய வயிற்றுக்காரியின் சின்னத் தங்கச்சி,
கௌரி


மவுண்ட் ஆல்பர்ட், ஆக்லாந்து
12.01.1997

அன்புள்ள அக்கா,

மேலே உள்ளது புது விலாசம். பிருந்தனின் பள்ளிக்கூடத்துக்காக இங்கே மாறினோம். பழைய மரவீடு, நடந்தால் தரை முனகும், ஆனால் ரயில் ஸ்டேசன் கிட்ட. நாங்கள் சுகம்.

உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. பழைய வீட்டுக்குக் கடிதம் வந்திருக்குமோ என்று ஞாயிற்றுக்கிழமை பஸ் எடுத்துப் போய்ப் பார்த்தேன். இப்போது இருக்கிறவர் தண்டபாணி, மதுரைக்காரர். தபால் பெட்டியைத் திறந்தே காட்டினார். "ஒண்ணும் வரலீங்க. வந்தா நானே கொண்டாந்து தர்றேன்" என்றார். அண்ணாவிடம் கேட்டால், "கதைச்சனான், நல்லா இருக்கிறாள்" என்கிறார். நல்லாய் இருக்கிற ஆள் பொங்கலுக்கு ஒரு அட்டையாவது போடாதா?

நான் அண்ணாவிடம் சொன்னதற்குக் கோபமா? கோபமென்றால் ஏசி எழுதுங்கோ. ஏச்சு வாங்கினால் எனக்கு நித்திரை வரும்.

கௌரி


ஹாகன்
30.01.1997

அன்புத் தங்கச்சி,

கோபமில்லை. உன் பார்சல் மார்கழி நடுவில் வந்தது. சரக்கு உதவியது. சட்டையைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

கார்த்திகையில், நான் உனக்கு அந்தச் சின்னக் கடிதம் எழுதுவதற்கு நாலு நாள் முன்னர், ஐந்தாம் மாதத்தில் பிள்ளை போய்விட்டது. ஆண் பிள்ளை. நகம் கூட இருந்தது.

பெற்றவளுக்கும் இழந்தவளுக்கும் ஒரே சரக்குத்தான் என்று அம்மா சொல்லுவா. நீ மறந்துபோனாய். உன்னைக் குற்றம் சொல்ல ஏலாது, பக்கத்து வீட்டுப் பெண் என்று எழுதியது நான்தானே. என் பெயரை அந்த வசனத்தில் எழுத எனக்குக் கை வரவில்லை. உன் தூள் வரும் மட்டும் அத்தான் மிளகையும் உள்ளியையும் தன் அறிவுக்கு இடித்து ஒரு கறி வைத்துத் தந்தார். வாயில் வைக்க ஏலாது. முழுவதையும் சாப்பிட்டேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு குறையும் இல்லை. நேர்ஸ் விடியும் வரை என் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். பதிவுக்கு எங்கே போக வேண்டும் என்று அத்தான் கேட்டார். இவ்வளவு குறைந்த நிறைக்குப் பதிவு இல்லையாம். பிறந்ததாகவும் இல்லை, செத்ததாகவும் இல்லை. அண்ணனுடைய பேப்பரில் ஒன்றே கால் என்று போட்டிருந்ததே, அந்தக் காலுக்குள்ளும் என் பிள்ளை இல்லை.

பாரம் தூக்கினதாலா என்று நீ யோசிப்பாய். நானும் யோசித்தேன். டொக்டர் இல்லை என்கிறார்.

கிழமை முடிய முன்னம் வகுப்புக்குப் போனேன். படிப்புத் தலைவி என்னைத் தனியக் கூப்பிட்டு, தோளில் கை வைத்து, "இனிப் பிரச்சினை இல்லை, எல்லாம் இலகுவாகிவிட்டது" என்றாள். நல்ல மனுசி, ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னாள். மேசையில் இருந்த தண்ணீரை எடுத்து அவள் தலையில் ஊற்றாமல் வந்ததுதான் நான் போன வருசம் செய்த பெரிய காரியம்.

பிறகு அண்ணன் போன் எடுத்தார். "கேள்விப்பட்டன், சந்தோசம்! கடைசியில நீயும் நம்பிக்கைக்கு வந்திட்டாய்" என்றார். "ஓம் அண்ணா" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

ஒன்றுக்கு மட்டும் ஆரிடமும் மன்னிப்புக் கேட்க மாட்டேன். இரண்டும் வேணும் என்று சொன்னேனே, அதற்கு. நாளைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவேன்.

அண்ணனுக்கு நீ சொல்லிவிடு. என்னால் இன்னொரு தரம் வாயால் சொல்ல ஏலாது. மரத்தில் என் கிளையில் ஒன்றே இருக்கட்டும். மொட்டை என்று நினைக்கிறவர்கள் நினைக்கட்டும்.

உன் பிள்ளைகளைக் கவனி. தண்டபாணிக்கு என் நன்றியைச் சொல்லு.

அக்கா


மவுண்ட் ஆல்பர்ட்
12.02.1997

அக்கா,

சுகம் கேட்க எனக்கு வாயில்லை. உங்கள் கடிதத்தை ரயிலில் வைத்து உடைத்தேன். நகர மையத்தில் இறங்க வேண்டியவள் இறங்காமல் இருந்து, அதே ரயிலில் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டேன். சட்டையில் ஒரு கை நீளம் என்று பகிடி எழுதின என் கையை என்ன செய்யலாம்?

அழுது முடித்துவிட்டு அண்ணாவுக்கு எடுத்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அண்ணா முழுவதையும் கேட்டார். பிறகு விம்மினார். அழுகிற சத்தம் எனக்குக் கேட்டது. மூக்கை உறிஞ்சிவிட்டு, "சரி பிள்ளை. அப்ப பழையபடி ஒரு இலை எண்டு அச்சுக்காரனுக்குச் சொல்லுறன்" என்றார். அங்கேதான் எனக்கு விசர் வந்தது.

"ரெண்டு எண்டு சொல்லுங்கோ" என்றேன்.

"பேரில்லாததை எப்பிடியம்மா போடுறது? அந்த நாட்டு அரசாங்கமே பதியேல்லை எண்டுறாய்."

"அண்ணா, அம்மாட சாவை எந்த அரசாங்கம் பதிஞ்சது? பத்திரம் வைச்சிருக்கிறியளோ? அப்ப அவ சாகேல்லையோ? எதுக்கு மலர் அடிக்கிறியள்?"

நான் விடவில்லை. "நம்பிக்கை நம்பிக்கை எண்டு பிரசங்கம் வைச்சனீங்கள். அவ வயித்தில பிள்ளையோட போய் அந்தத் தலைவிக்கு முன்னால நிண்டு ரெண்டும் வேணும் எண்டு சொன்னவ. உங்களுக்கும் எனக்கும் ஆரிட்டையாவது அப்பிடிக் கேக்க வேண்டி வந்ததோ? அக்காட கிளையில ரெண்டு இலை இல்லையெண்டா என்ர கிளையை அடியோட வெட்டுங்கோ. என்ர பிள்ளையளின்ர பேரும் வேண்டாம், என்ர பேரும் வேண்டாம். உங்கட நாலு இலையோட நீங்களே மரமா நில்லுங்கோ" என்றேன். இவர் குசினி வாசலில் நின்று போன் காசைப் பற்றி ஏதோ சைகை காட்டினார். பார்த்த பார்வையில் போய்விட்டார்.

அப்போது போனை அண்ணி வாங்கினா. அண்ணி கதைக்கிற ஆள் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். "கௌரி, நான் போடுவிக்கிறன். சாந்தகுமாரியிட்ட பேரைக் கேட்டு எழுது" என்றா. பிறகு குரலை இறக்கி, "இந்த வீட்டிலயும் எண்ணாத ஒண்டு இருக்கு. ரெண்டாவதுக்கும் மூண்டாவதுக்கும் இடையில. உங்கட அண்ணன் அதைப் பற்றி வாய் திறக்க விட்டதில்லை" என்றா. அதோடு போனை வைத்துவிட்டா.

ஆகையால் அக்கா, பெயரைச் சொல்லுங்கோ. பெயர் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கஜானி எழுதிப் பழகினது பாவைப்பிள்ளைக்கில்லை.

உங்கள் பக்கத்தில் நிற்கிற,
கௌரி


ஹாகன்
20.04.1997

அன்புள்ள கௌரி,

நானும் அத்தானும் கஜானியும் சுகம். சுகம் என்று இந்த முறை உண்மையாகவே எழுதுகிறேன். கால்வலிக்கு வகுப்பில் சொல்லித் தந்த பயிற்சியை என் மேலேயே செய்து பார்க்கிறேன், கொஞ்சம் குறைகிறது. முதல் சோதனையில் வகுப்பில் இரண்டாவதாக வந்தேன். முதலாவது வந்தவளுக்கு ஜெர்மன் தாய்மொழி, அதனால் விட்டுக்கொடுத்தேன்.

நான் உனக்கு ஒரு தாளில் பெயரை மட்டும் அனுப்பினதற்குக் கோபிக்காதே. அன்றைக்கு அவ்வளவுதான் முடிந்தது. பெயரைக் கஜானிதான் எழுதித் தந்தாள்.

மலர் போன கிழமை வந்தது. அம்மாவின் படம் வடிவாக வந்திருக்கிறது. நடுப்பக்கத்தைத் திறக்க எனக்குப் பயமாக இருந்தது, அத்தானைத் திறக்கச் சொன்னேன். உன் கிளையில் இரண்டு. என் கிளையில் இரண்டு. கௌரி, அண்ணனுடைய கிளையில் ஐந்து. ஐந்தாவது இலைக்குப் பெயர் இல்லை, வெறும் இலை. ஆனால் கீறியிருக்கிறது. ஓரத்தில் அண்ணனின் கையெழுத்தில், "மன்னிக்கவும் தங்கச்சி" என்று பேனையால். அன்று இரவே நானே அவருக்கு எடுத்தேன். இரண்டு பேரும் அதிகம் கதைக்கவில்லை. அண்ணியோடு ஒரு மணித்தியாலம் கதைத்தேன்.

திரும்பவும் பெறுவேனா என்று நீ அடுத்த கடிதத்தில் கேட்பாய், உன்னை எனக்குத் தெரியும். தெரியாது. பெற்றாலும் படிப்பை விடமாட்டேன், பெறாவிட்டாலும் ஆருக்கும் விளக்கம் சொல்ல மாட்டேன். படிப்புத் தலைவியிடம் போய், என்னைப் போல இனி ஒருத்தி வந்தால் இரண்டில் ஒன்று என்று கேட்காதே, ஒரு கதிரை கொண்டுவந்து போடு என்று சொன்னேன். உன் சமோவாக்காரியின் கதையை முழுவதும் சொன்னேன். அவள் பேனையை மூடவில்லை, எழுதிக்கொண்டாள். மஞ்சள் சட்டை அலுமாரியில் என் சேலைகளோடு இருக்கிறது. ஆருக்கும் கொடுக்க மாட்டேன்.

நேற்று மத்தியானம் திவசப் படையல் முடித்து மூன்று பேரும் மலருக்கு முன்னால் இருந்தோம். கஜானியை மரத்தை வாசிக்கச் சொன்னேன். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள், அதனால் சத்தம் போட்டு வாசிப்பாள். அண்ணனின் பிள்ளைகள் நாலு பேர். பெயரில்லாத இலைக்குக் கொஞ்சம் நின்றாள். பிருந்தன், கம்சாயினி. பிறகு எங்கள் கிளை. கஜானி என்று தன் பெயரை வாசித்துச் சிரித்தாள். "சுலக்ஷன்" என்று வாசிக்கும்போது கீழ் வீட்டுக்காரி தும்புத்தடியால் முகட்டை இடித்தாள். மணி இரண்டு, அவளுடைய அமைதி நேரம். பிள்ளை பயந்து வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னும் பலத்து வாசி" என்றேன்.

உன் அக்கா,
சாந்தகுமாரி